பாதியாக்கலும் மடக்கையும்
வணிகவியல், பொருளியல் மாணவர்க்கு ஒரு கணிதப் பாடம்

சென்னையிலிருந்து திருப்பருத்திக்குன்றம் திரைலோக்கியநாதர் கோயிலுக்கு வழிபடச் செல்லும் நம்மவர், பெங்களூர் நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் ஆகிய ஊர்களைக் கடந்தே காஞ்சியை அடைகின்றனர். ஏரியும் நெல்வயலுமாக விளங்கிய இப்பகுதியில், இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் கார் ஆலை 1998-ஆம் ஆண்டில் உற்பத்தியைத் தொடங்கியது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சிங்கப்பெருமாள் கோயில் செல்லும் சாலையில் உள்ள ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை 2010-இல் தொடங்கப்பட்டது. இவ்விரு முனைகளுக்கும் இடையே உதிரிபாகத் தொழிற்கூடங்கள் பலவாகப் பெருகின. அவற்றில் பணிபுரியும் இளைஞர் கையில் மாதந்தோறும் ஊதியம் புரள்கிறது. ஊதியத்தோடு கடனும் உடன் வருகிறது.

நம்மிடம் ஞாயிறுதோறும் கணக்குப் பயிலும் இளங்கலை வணிகவியல் மாணவி ஒருத்தி, ஒருநாள் கைக்குறிப்பு ஒன்றைக் கொண்டுவந்து காட்டினாள். அவளுடைய அண்ணன் ஒரகடம் பகுதியில் ஒப்பந்தத் தொழிலாளி. இருசக்கர வண்டி வாங்க ரூ.30,000 கடன் பெற்றிருக்கிறான். நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டி. “முடியும்போது சேர்த்துக் கொடுத்தால் போதும்” என்று கடன் கொடுத்தவர் கூறியதை நம்பி, மூன்றாண்டுகள் எதுவும் செலுத்தாதிருந்தான்.

“ஐயா, மாதம் மூன்று என்றால் 36 மாதத்துக்கு 108 விழுக்காடு. அசலும் வட்டியும் சேர்ந்து ரூ.62,400 ஆகிறது. அவரோ ரூ.86,948 கேட்கிறார். 24,548 ரூபாய் கூடுதல். இது ஏமாற்றா, எங்கள் கணக்கில் பிழையா?” என்று வினவினாள்.

கைக்குறிப்பைப் படித்துப் பார்த்தோம். “செலுத்தாத வட்டி அசலோடு சேரும்” என்ற ஒரு வரி அதில் இருந்தது. மாணவி கூட்டினாள், அந்த வரியோ பெருக்குகிறது. கூட்டலுக்கும் பெருக்கலுக்கும் உள்ள இவ்வேறுபாட்டையே இப்பாடத்தில் காண இருக்கிறோம். பெருக்கலால் வளர்வதை அளக்கும் கருவிகள் இரண்டு. ஒன்று அடுக்கு, மற்றொன்று மடக்கை.

அடுக்கு என்பது யாது?

ஒரே எண்ணை மீண்டும் மீண்டும் பெருக்குவதைச் சுருக்கி எழுதும் முறையே அடுக்கு. 2×2×2×2×2 என்பதை 2⁵ என எழுதுகிறோம். இதில் 2 அடிமானம், 5 அடுக்கு, பெருக்கி வரும் 32 மதிப்பு. அடுக்கு, “எத்தனை முறை” என்பதற்கு விடை கூறும் எண் என்பதை மனத்திற் கொள்க.

இதன் விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டுவதில்லை. எண்ணிப் பார்த்தாலே விளங்கும். 2³ என்பதில் மூன்று இரண்டுகள். 2⁵ என்பதில் ஐந்து இரண்டுகள். இரண்டையும் பெருக்கினால் எட்டு இரண்டுகள். ஆகவே 2³×2⁵=2⁸. மதிப்புகள் பெருகும்போது அடுக்குகள் கூடுகின்றன. மதிப்புகளை வகுக்கும்போது அடுக்குகள் கழிகின்றன. 2⁵ஐ 2⁵ஆல் வகுத்தால் விடை 1. அடுக்குகளைக் கழித்தால் 0. எனவேதான் 2⁰ என்பது 1 ஆகிறது. மேலும் ஒரு முறை இரண்டால் வகுத்தால் ½. அதன் அடுக்கு −1.

அர்த்தச்சேதம்

அடுக்கைத் திருப்பி வினவுவோம். “இரண்டை ஐந்து முறை பெருக்கினால் என்ன வரும்?” என்பது அடுக்கின் வினா. “முப்பத்திரண்டு வர, இரண்டை எத்தனை முறை பெருக்க வேண்டும்?” என்பது மடக்கையின் வினா. பெயர் புதிதாக இருப்பினும் இவ்வினா நம் முன்னோர்க்குப் புதிதன்று.

புட்பதந்தர், பூதபலி ஆகிய ஆச்சாரியர்கள் அருளிய ஷட்கண்டாகமத்திற்கு, கி.பி. 9-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆச்சாரியர் வீரசேனர் ‘தவளா’ என்னும் பேருரை வரைந்தார். பிராகிருதமும் வடமொழியும் கலந்த நடையில் அமைந்த இவ்வுரையின் ஓலைச்சுவடிகள் மூடபித்ரியில் காக்கப்பட்டு வந்தன. ஹீராலால் ஜெயின் அவர்களின் பதிப்பு முயற்சியால் 1939 முதல் அச்சில் வெளிவரலாயின. அதில் ‘அர்த்தச்சேதம்’ என்றொரு கணிதக் கலைச்சொல் ஆளப்பட்டுள்ளது.

இச்சொல்லைக் கண்டு மாணவர் மயங்க வேண்டா. இங்கு அர்த்தம் என்பது பொருள் அன்று, பாதி. அர்த்தமண்டபம், அர்த்தசாமம் என்பவற்றில் வரும் அதே சொல். சேதம் என்பது இழப்பு அன்று; வெட்டுதல். சிரச்சேதம் என்பதில் அப்பொருளைக் காணலாம். ஆகவே அர்த்தச்சேதமாவது, ஓர் எண்ணை 1 வரும் வரை பாதி பாதியாக எத்தனை முறை வெட்டலாம் என்னும் எண்ணிக்கை. 32ஐ வெட்டினால் 16, 8, 4, 2, 1 என வரும். ஐந்து வெட்டுகள், எனவே 32-இன் அர்த்தச்சேதம் 5. இன்றைய பாடநூல் மொழியில், 2ஐ அடிமானமாகக் கொண்ட 32-இன் மடக்கை 5. இரண்டும் ஒன்றே. மூன்றால் வெட்டும் எண்ணிக்கையைத் திரிகச்சேதம் என்றும், நான்கால் வெட்டுவதைச் சதுர்த்தச்சேதம் என்றும் அவர் குறித்தார். அவை அடிமானம் 3, அடிமானம் 4 உடைய மடக்கைகள்.

பெயரிட்டதோடு அவர் நின்றாரல்லர். இரண்டு எண்களைப் பெருக்கினால் அவற்றின் அர்த்தச்சேதங்கள் கூடும், வகுத்தால் கழியும், ஓர் எண்ணை அடுக்கினால் அதன் அர்த்தச்சேதம் அவ்வடுக்கால் பெருகும் என்னும் மூன்று விதிகளையும் தவளாவில் காண்கிறோம். சரிபார்ப்போம்: 8-க்கு 3 வெட்டு; 32-க்கு 5 வெட்டு; 8×32=256; 256-க்கு 8 வெட்டு. கல்லூரிப் பாடநூலில் மடக்கை விதிகள் என அச்சிடப்பட்டிருப்பவை இம்மூன்றே.

தொண்ணூற்றாறு வெட்டுகள்

அனுயோகத்துவார சூத்திரம் உலகின் மாந்தர் தொகையைக் கூறுமிடத்து, 96 முறை இரண்டால் வகுக்கத்தக்க எண் என்றும், 29 இடங்கள் கொண்ட எண் என்றும் குறிக்கிறது. இரண்டின் ஐந்தாம் வர்க்கத்தையும் ஆறாம் வர்க்கத்தையும் பெருக்கிய தொகை என்பதும் அங்கே தரப்படுகிறது. இரண்டை வர்க்கப்படுத்த 4, அதனை வர்க்கப்படுத்த 16, பின்னர் 256, 65,536 எனச் செல்லும். ஐந்தாம் வர்க்கம் 2³², ஆறாவது 2⁶⁴. பெருக்கும்போது அடுக்குகள் கூடுமாகையால் 32+64=96. எனவே அவ்வெண் 2⁹⁶.

இவ்வெண்ணின் பொருளைச் சமய நூல் வழியே ஆராய்வது வேறு. நமக்கு இங்கு வேண்டுவது கணக்கு. 2⁹⁶ என்பதை விரித்தெழுதாமலே 29 இடங்கள் என்று சரிபார்க்க இயலுமா? இயலும். அதற்குப் பத்தை அடிமானமாகக் கொண்ட மடக்கை வேண்டும்.

பத்தின் மடக்கை

பாதியாக்கும் முறை 32, 256 போன்ற எண்களில் முழுமையாக முடிகிறது. பத்தை வெட்டினால் 5, 2.5, 1.25 எனச் சென்று 1-இல் சேராமல் கடந்துவிடும். முழு வெட்டுகளுக்கு இடைப்பட்ட பின்ன அளவுகளையும் கணித்து அட்டவணையாக்கும் பணி ஐரோப்பாவில் நடந்தது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜான் நேப்பியர் 1614-இல் தம் அட்டவணையை வெளியிட்டார். ஹென்றி பிரிக்ஸ் பத்தை அடிமானமாகக் கொண்டு அதனைத் திருத்தியமைத்தார். வானியலாரும் மாலுமிகளும் பெரும்பெருக்கல்களை எளிய கூட்டல்களாக்கிக் கொண்டனர். மேல்நிலை வகுப்பில் கிளார்க்ஸ் அட்டவணைப் புத்தகத்தைப் புரட்டியவர்கள் அவ்வுழைப்பின் பயனையே புரட்டினர்.

அட்டவணை இல்லாமலும் ஒரு மடக்கையைத் தோராயமாகக் காணலாம். 2¹⁰ என்பது 1,024. இது 1,000-க்கு, அதாவது 10³-க்கு மிக அண்மையது. பத்து இரண்டுகள் ஏறத்தாழ மூன்று பத்துகளுக்குச் சமம் எனில், ஓர் இரண்டு ஏறத்தாழ 0.3 பத்துக்குச் சமம். ஆகவே மடக்கை 2 ஏறத்தாழ 0.3. அட்டவணை தருவது 0.30103. நம் ஊகம் எவ்வளவு அண்மையில் நின்றது காண்க.

இனி 2⁹⁶: 96×0.30103=28.899. இதன் முழுப்பகுதி 28. 10²⁸ என்னும் எண்ணுக்கு 29 இலக்கங்கள் உண்டாகையால், நம் எண்ணும் 29 இலக்கம் உடையது. நூலின் கூற்று சரியாகிறது. மடக்கையின் முழுப்பகுதி எண்ணின் அளவைக் கூறும். தசமப்பகுதி அதன் இலக்கங்களைக் கூறும்.

கடன் கணக்கு

மாணவியின் வினாவுக்கு வருவோம். மாதம் 3 விழுக்காடு வட்டி அசலோடு சேருமாயின், ஒவ்வொரு மாதமும் கடன் 1.03 மடங்காகிறது. 36 மாதங்களில் 1.03³⁶ மடங்கு.

மடக்கை 1.03 = 0.01284
36×0.01284 = 0.46224
எதிர்மடக்கை = ஏறத்தாழ 2.899

30,000-ஐ 2.899-ஆல் பெருக்க ஏறத்தாழ ரூ.86,970. துல்லியமாகப் பெருக்கினால் ரூ.86,948. கைக்குறிப்பில் இருந்த தொகை அதுவே. கூட்டலில் ஏமாற்று ஏதும் இல்லை.

இங்கு ஓர் எச்சரிக்கை. நான்கு இலக்க அட்டவணை மடக்கை 1.03-ஐ 0.0128 என்று மட்டும் தரும். அதனை 36-ஆல் பெருக்கும்போது அதிலுள்ள சிறு பிழையும் 36 மடங்காகி, விடை ரூ.86,680 அளவில் நின்றுவிடும். சிறிய மடக்கையைப் பெரிய எண்ணால் பெருக்க நேரின் ஐந்து அல்லது ஆறு இலக்கம் கொள்ளுதல் நன்று.

இனி, கடன் இரட்டிப்பாக எத்தனை மாதம் ஆகும்? 1.03-ஐ எத்தனை முறை அடுக்கினால் 2 வரும் என்பதே வினா. இரட்டிப்பின் மடக்கையை ஒரு மாத வளர்ச்சியின் மடக்கையால் வகுக்க வேண்டும். 0.30103÷0.01284=23.4. இரண்டாண்டு நிறைவதற்குள் ரூ.30,000 இரட்டித்து ரூ.60,000 ஆகிவிடுகிறது. மாணவியின் கூட்டல் கணக்கில் இதற்கு 33 மாதங்களுக்கு மேல் ஆகியிருக்கும். பத்து மாத வேறுபாடு தான் அக்குடும்பத்தின் கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று.

“மூன்று வட்டி” என்னும் சொல் சிறிதாக ஒலிக்கிறது. 1.03¹² என்பது 1.4258. ஆண்டுக்கு 42.58 விழுக்காடு என்று எழுதிக் காட்டியிருந்தால் அந்த இளைஞன் கையெழுத்திட்டிருப்பானா? இதே கடனை ஆண்டுக்கு 12 விழுக்காடு கூட்டு வட்டியில் பெற்றிருந்தால், மடக்கை 1.12 = 0.04922, 0.30103÷0.04922=6.1. இரட்டிப்பாவதற்கு ஆறாண்டுக்கு மேல் ஆகும்.

கணக்கு சரியாக இருப்பதால் கடன் நியாயமாகிவிடாது. கந்துவட்டித் தடைச் சட்டம் என மக்கள் வழங்கும் 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம், மீட்டர் வட்டி, தண்டல் முதலிய கொடிய வட்டி வகைகளைப் பெயர் சுட்டியே தடுக்கிறது. ஆயினும் சட்டத்தை நாடுமுன் தன் கடன் எவ்விகிதத்தில் வளர்கிறது என்று கடன்பட்டவனுக்குத் தெரிந்திருத்தல் வேண்டும்.

72 என்னும் குறுக்குவழி

வங்கியில் பணியாற்றுவோர் 72-ஐ வட்டி விகிதத்தால் வகுத்து இரட்டிப்புக் காலத்தைச் சொல்வதைக் கேட்டிருப்பீர். 3-க்கு 24, 12-க்கு 6. நாம் கண்ட 23.4, 6.1 ஆகியவற்றுக்கு இவை அண்மையில் உள்ளன. இதன் அடிப்படை இயல் மடக்கை. 2.71828 என்னும் எண்ணை அடிமானமாகக் கொண்ட இம்மடக்கையில் 2-இன் மதிப்பு 0.693. அதனால் 69.3 என்பதே தோற்றுவாய். 2, 3, 4, 6, 8, 9, 12 ஆகியவற்றால் மீதியின்றி வகுபடுவதால் 72 வழக்கில் நிலைத்தது. விகிதம் மிகப் பெரிதானால் இக்குறுக்குவழி பிழைபடும். 50 விழுக்காட்டுக்கு 72 தருவது 1.44 ஆண்டு, மடக்கை தருவது 1.71 ஆண்டு.

அடிமானம் 2 ஆயினும், 10 ஆயினும், 2.71828 ஆயினும் இரட்டிப்புக் காலம் மாறாது. ஒரு மடக்கையை மற்றொரு மடக்கையால் வகுக்கும்போது அடிமானத்தின் செல்வாக்கு நீங்கிவிடுகிறது.

மக்கள்தொகையும் சராசரி வளர்ச்சியும்

பொருளியல் மாணவர் அடிக்கடி இடறும் இடம் இது. பிரிக்கப்படாத காஞ்சிபுரம் மாவட்டத்தின் மக்கள்தொகை 2001 கணக்கெடுப்பில் 28.77 இலட்சம், 2011-இல் 39.98 இலட்சம். பத்தாண்டு வளர்ச்சி ஏறத்தாழ 39 விழுக்காடு. அதைப் பத்தால் வகுத்து, ஆண்டுக்கு 3.9 விழுக்காடு என்று தேர்வில் எழுதுவோர் பலர். சோதித்துப் பார்ப்போம். ஆண்டுதோறும் 3.9 விழுக்காடு வளர்ந்திருந்தால் 2011-இல் 42.18 இலட்சம் ஆகியிருக்கும். இல்லாத 2.2 இலட்சம் மக்களை நாமே படைத்துவிட்டோம்.

சரியான வழி:

39.98÷28.77 = 1.3896
மடக்கை 1.3896 = 0.1429
பத்தால் வகுக்க 0.01429
எதிர்மடக்கை = 1.0335

ஆண்டு வளர்ச்சி 3.35 விழுக்காடு. பத்தால் வகுக்க வேண்டியது வளர்ச்சியை அன்று, வளர்ச்சியின் மடக்கையை. ஒரு நிறுவனத்தின் விற்பனை, விலைக் குறியீட்டெண், ஏற்றுமதி ஆகிய எதற்கும் இதுவே முறை.

இவ்விகிதம் நீடித்தால் மக்கள்தொகை 21 ஆண்டுகளில் இரட்டிக்கும் என மடக்கை கூறும். ‘நீடித்தால்’ என்னும் சொல்லை மறத்தல் ஆகாது. ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா கைபேசி ஆலை விரைந்து வளர்ந்தது. 2014 நவம்பரில் மூடப்பட்டது. அதன் முதற்சில ஆண்டு வளர்ச்சியைக் கொண்டு இருபதாண்டுக் கணக்குப் போட்டவர் எவராயினும் ஏமாந்திருப்பார். விகிதம் மாறாதிருக்குமா என்பதை மடக்கை அறியாது. அதை ஆராய்வது பொருளியலாரின் கடமை.

தேய்மானம்: மீண்டும் அர்த்தச்சேதம்

தொழிற்கூடம் ஒன்றில் ரூ.40 இலட்சம் மதிப்புள்ள கடைசல் இயந்திரம் இருப்பதாகக் கொள்வோம். குறைந்துசெல் மீதி முறையில் ஆண்டுக்கு 15 விழுக்காடு தேய்மானம் எழுதப்படுகிறது. ஆண்டுதோறும் ஏட்டு மதிப்பு 0.85 மடங்காகும். பாதியாக எத்தனை ஆண்டு?

மடக்கை 0.5 = −0.30103
மடக்கை 0.85 = −0.07058
வகுக்க = 4.27 ஆண்டு

1-க்குக் குறைந்த எண்களின் மடக்கை எதிர்க்குறி உடையது. இரு எதிர்க்குறிகளையும் வகுக்க நேர்க்குறி வருகிறது. இனி வீரசேனர் வழியே செல்லலாம். 40 இலட்சம் 10 இலட்சமாக வேண்டுமெனில் இரண்டு வெட்டுகள், எனவே 8.5 ஆண்டு. 5 இலட்சமாக மூன்று வெட்டுகள், 12.8 ஆண்டு. ஒரு வெட்டுக்கு எத்தனை ஆண்டு என்று அறிந்தால் போதும். பின்னர் வெட்டுகளை எண்ணினால் விடை வந்துவிடும்.

மாணவர் தவிர்க்க வேண்டிய பிழைகள்

1. கூட்டுத்தொகையின் மடக்கையை மடக்கைகளின் கூட்டுத்தொகை எனக் கொள்ளுதல். கூட்டலுக்கு விதி இல்லை. பெருக்கலுக்கே விதி உண்டு.

2. மடக்கைகளை வகுப்பதையும் கழிப்பதையும் குழப்புதல். “எத்தனை மடங்கு” எனில் எண்களை வகுத்து மடக்கைகளைக் கழிக்க வேண்டும். “எத்தனை முறை” எனில் மடக்கையை மடக்கையால் வகுக்க வேண்டும்.

3. அட்டவணையில் 1-இன்மேல் கோடிட்டு எழுதப்படும் மடக்கையைத் தவறாகப் படித்தல். 0.85-க்கு, கோடிட்ட 1-ஐ அடுத்து .9294 என இருக்கும். இதன் பொருள் −1+0.9294, அதாவது −0.0706. −1.9294 அன்று.

4. மாத விகிதத்தையும் ஆண்டுக் காலத்தையும் கலத்தல். விகிதம் மாதத்துக்கு எனில் விடையும் மாதத்தில்தான் வரும்.

பயிற்சி

1. 3⁴⁰ எத்தனை இலக்க எண்? (மடக்கை 3 = 0.4771)
2. தமிழ்நாட்டு மக்கள்தொகை 2001-இல் 624.06 இலட்சம், 2011-இல் 721.47 இலட்சம். ஆண்டு வளர்ச்சி விகிதம் யாது?
3. மாதம் 2 விழுக்காடு கூட்டு வட்டியில் கடன் எத்தனை மாதத்தில் இரட்டிக்கும்? (மடக்கை 1.02 = 0.0086)
4. ஆண்டுக்கு 25 விழுக்காடு தேயும் வாகனம் எத்தனை ஆண்டில் கால் பங்கு மதிப்புக்கு இறங்கும்? (மடக்கை 0.75 = −0.1249)

விடைகள்: (1) 20 இலக்கம். (2) 1.46 விழுக்காடு. (3) 35 மாதம். (4) 4.8 ஆண்டு.

முடிவுரை

அம்மாணவி அன்று மாலையே இக்கணக்கைத் தன் வீட்டில் எழுதிக் காட்டியிருக்கிறாள். மேலும் ஓராண்டு தாழ்த்தினால் கடன் ரூ.1,23,967 ஆகும் என்பதையும் அவளே கணித்திருந்தாள். அடுத்த வாரம் அன்னையார் நகையைக் கூட்டுறவுச் சங்கத்தில் அடகு வைத்து அக்கடனை அடைத்தனர். “நகை போயிற்றே என்று அம்மா வருந்துகிறார், ஐயா” என்றாள். நகைக் கடனுக்கும் அதே முறையில் கணக்கிட்டு, மாதம் எவ்வளவு செலுத்தினால் எப்போது மீட்கலாம் என்று ஒரு தாளில் எழுதி அன்னையாரிடம் கொடுக்கும்படி கூறினோம். எழுதிக் கொடுத்துவிட்டாள், அண்ணன் இப்போது மாதந்தோறும் தவறாமல் செலுத்தி வருகிறான்.

கடன் பெறும் இல்லத்தில் கல்லூரியில் பயிலும் பிள்ளை ஒருவரேனும் உண்டாயின், கையெழுத்திடுமுன் அப்பிள்ளையிடம் அத்தாளைக் கொடுத்து, “இது எத்தனை மாதத்தில் இரட்டிக்கும்?” என்று கேளுங்கள். மாணவ மாணவியரே, அவ்வினாவுக்கு விடை கூறும் திறன் பெற்றுவிட்டால் இப்பாடத்தைக் கற்றவர் ஆவீர்.